ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரு மாட்டுக்கு மட்டும் ஏன் மடிநோய்?

அத்தை வீட்டுக் கொட்டகையில் ரெண்டு கறவை மாடுகள் நின்றன. ரெண்டும் ஜெர்சிக் கலப்பு, ஒரே தவிடு, ஒரே சோளத்தட்டு, ரெண்டையும் கறப்பது அத்தையின் கைதான். ரெண்டில் செவலை என்கிற மாட்டுக்கு, கன்று போட்ட பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒரு காம்புப் பக்கம் வீங்கிக் கல்லாகிவிடும். தொட்டால் சுடும், உதைக்கும், முதல் பீச்சில் தயிர் உடைந்த மாதிரி துணுக்குத் துணுக்காக வரும். அடுத்த ஈற்றிலும் அதே கதை. பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற கருப்பிக்கு ஐந்து ஈற்றில் ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. மடியைச் சரியாகக் கழுவவில்லை, தரை ஈரம், கண்ணுபட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தரை ஈரம்தான் காரணம் என்றால் கருப்பியும் அதே ஈரத்தில்தானே படுத்துக் கிடந்தது என்று அத்தை திருப்பிக் கேட்பார்.

அது நல்ல கேள்வி. பதிலின் ஒரு பகுதி அந்த மாடுகள் தங்கள் தாயிடமிருந்தும் காளையிடமிருந்தும் கொண்டுவந்த மரபணுக்களில் இருக்கிறது. ஒரு பகுதி என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் மடி சுத்தம், கறவை முறை, தரை எல்லாம் உண்மையிலேயே முக்கியம். ஆனால் அவை எல்லாம் ஒன்றாக இருக்கும்போதும் ஒரு மாடு படுத்துவிடுகிறது, இன்னொன்று நிற்கிறது. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். காம்பின் நுனியில் இருக்கும் சின்னத் துளைதான் கிருமிக்கு வாசல். அந்தத் துளையின் உள்சுவரில் மெழுகு மாதிரி ஒரு படலம் உண்டு, அது அடைப்பானாக வேலை செய்கிறது. கறந்து முடித்ததும் துளை உடனே மூடிக்கொள்ளாது, அரை மணி நேரமாவது தளர்ந்தே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் கறந்த கையோடு மாட்டின் முன்னால் தீவனம் வைப்பது இதனால்தான். தின்றுகொண்டே நிற்கும், சாணியில் படுக்காது. மடி எவ்வளவு தொங்குகிறது, காம்பு எவ்வளவு நீளம், துளை எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் ஓரளவு பரம்பரையாக வருபவை. ஆக, கிருமி உள்ளே நுழைவதற்கு முன்பே மரபு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த கட்டம். பால் சுரக்கும் அறைகளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் காவல் செல்கள் கிருமியின் மேல்தோலை மோப்பம் பிடிக்கின்றன. இந்த மோப்பத்துக்கு என்றே செல்களின் மேல் சில ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்புச்சர்க்கரை நஞ்சை டிஎல்ஆர்4 என்கிற ஏற்பி பிடித்துக்கொள்ளும். பிடித்த மறுகணம் அபாயச் சங்கு ஊதின மாதிரி இன்டர்லூக்கின்-8 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளியேறும், அதைக் கேட்டு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் மடியை நோக்கித் திரும்பும். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் செல்களுக்குக் கீழேதான் இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கடுமையான தாக்குதலில் அந்த எண்ணிக்கை பல லட்சமாக, கோடியாக ஏறும். முதல் பீச்சில் வரும் அந்தத் துணுக்குகளில் பெரும்பங்கு இப்படிப் போராடிச் செத்த வெள்ளையணுக்களும் உறைந்த புரதமும்தான்.

இங்கே எந்தக் கிருமி என்பது முக்கியம். ஈ.கோலை வந்தால் மடி பெரும் சத்தத்தோடு எதிர்க்கும்: காய்ச்சல், வீக்கம், தீவனம் எடுக்காது, ஒன்று சில நாளில் கிருமி ஒழியும், இல்லை மாட்டுக்கே ஆபத்தாகும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு ரகம். அது அபாயச் சங்கை மெதுவாகத்தான் ஊத வைக்கும், மடி அரைமனதோடு எதிர்க்கும், அது திசுக்குள் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் இருக்கும், வெளியே வீக்கம்கூடத் தெரியாது. ஆகவே "நோய் எதிர்ப்பு சக்தி அதிகம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரம் எதிர்க்கிறது, எவ்வளவு கடுமையாக, எப்போது நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. தாமதமாகத் தொடங்கும் மாடும் கெடும், தொடங்கிவிட்டு நிறுத்தத் தெரியாத மாடும் தன் மடித்திசுவைத் தானே புண்ணாக்கிக்கொள்ளும்.

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாடுகளிலேயே ஒரு கதை இருக்கிறது. என்னை உலுக்கிய கதை.

அமெரிக்காவில் 1952-இல் ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்று ஒரு காளை பிறந்தது, ஹோல்ஸ்டீன் என்கிற கறவை இனம். நல்ல காளை. அதன் வழியில் வந்த பேரப்பிள்ளைகளில் கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற காளை பால் அளவுக்குப் பேர் போனது. அதன் உறைவிந்து உலகமெல்லாம் போயிற்று. அப்புறம் ஹோல்ஸ்டீன் கன்றுகளில் ஒரு விசித்திரமான சாவு கவனத்துக்கு வந்தது. பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில வாரத்தில் வாயெல்லாம் புண், ஈறு வெந்து பல் ஆடும், நிமோனியா, கழிச்சல், சின்னக் காயம்கூட ஆறாது. வளர்ச்சி நின்றுபோய்ப் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் செத்துவிடும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் வெள்ளையணு குறையவில்லை, பல மடங்கு கூடிக் கிடந்தது! இவ்வளவு படைவீரர்கள் இருந்தும் சாதாரணப் பாக்டீரியாவிடம் கன்று தோற்கிறது.

காரணத்தை அயோவா மாநிலம் ஏம்ஸில் இருக்கும் தேசிய விலங்கு நோய் மையத்தைச் சேர்ந்த மார்கஸ் கெர்லியும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களின் தொடக்கத்தில் பிடித்தார்கள். ரத்தக் குழாயில் வேகமாக ஓடும் நியூட்ரோபில் புண் இருக்கும் இடத்தில் இறங்க வேண்டுமென்றால் முதலில் குழாயின் சுவரைப் பிடித்து நிற்க வேண்டும், பிறகு சுவரின் இடுக்கு வழியே நெளிந்து வெளியேற வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கைக்கு சிடி18 என்ற புரதம் வேண்டும். செத்த கன்றுகளில் அந்தப் புரதத்தின் 128-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக கிளைசின் உட்கார்ந்திருந்தது. டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. அவ்வளவுதான். கை இல்லாத வீரன் பேருந்திலிருந்து இறங்க முடியாமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி, வெள்ளையணுக்கள் ரத்தத்திலேயே சுற்றின. மடியிலும் நுரையீரலிலும் குடலிலும் கிருமி தடையில்லாமல் பெருகியது. இந்தக் குறைபாட்டுக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிளாட் என்று பெயர் வைத்தார்கள்.

இது ஒடுங்கு பண்பு. அப்பன், ஆத்தா ரெண்டு பேரிடமும் கெட்ட பிரதி வந்தால்தான் கன்று சாகும். ஒரு பிரதி மட்டும் உள்ள மாடு நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. 1992-இல் வெளிவந்த ஆய்வு சொன்ன கணக்கு: அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறத்தாழ 15 சதவீதமும் பசுக்களில் 6 சதவீதமும் அந்தப் பிரதியைச் சுமந்துகொண்டிருந்தன. பசுவைவிடக் காளையில் ஏன் இரண்டு மடங்குக்கு மேல்? பால் அதிகம் தரும் வம்சம் என்று அந்தக் குடும்பத்திலிருந்தே காளைகளைப் பொறுக்கி எடுத்ததால்தான். நல்ல பாலைத் தேடிய கையே கெட்ட எழுத்தையும் சேர்த்துப் பரப்பியது.

பரிசோதனை கிடைத்ததும் நிலைமை மாறிவிட்டது. காளையின் வம்சாவளித் தாளில் அதன் பெயருக்குப் பக்கத்தில் கடத்தி (கெட்ட பிரதியைச் சுமப்பது) என்றோ, சோதித்துத் தெளிவானது என்றோ குறியீடு போடத் தொடங்கினார்கள், கடத்திக் காளைகள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவிலும் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) காளைகளிலும் எச்.எஃப் கலப்புக் காளைகளிலும் கடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டன. இப்போது உறைவிந்து நிலையங்களுக்கான தேசியத் தர நெறிமுறைப்படி அந்த இனக் காளைகளை பிளாட் உள்ளிட்ட சில மரபுக் குறைபாடுகளுக்குச் சோதித்துத்தான் விந்து எடுக்க வேண்டும். நம் ஊரில் சினை ஊசி போடும்போது யாரும் பேசாத விஷயம் இது, ஆனால் அந்த உறைவிந்துக் குச்சிக்குப் பின்னால் இந்தச் செத்த கன்றுகளின் வரலாறு இருக்கிறது.

சரி, செவலைக்கு பிளாட்டா? இல்லவே இல்லை. பிளாட் இருந்திருந்தால் கன்றாகவே போயிருக்கும். சாதாரண மடிநோயில் ஒரு மரபணு வில்லன் கிடையாது, நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன எழுத்து வேறுபாடுகள் கூடிக் கூடி ஒரு மாட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கின்றன. ஆரம்பத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மரபணுவாக எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-8 சமிக்ஞையைக் கேட்கும் காது மாதிரியான சிஎக்ஸ்சிஆர்1 என்ற ஏற்பியில் ஒரு எழுத்து மாறினால் வெள்ளையணு நகர்வது மந்தமாகிறது என்று 2000-களில் பெரிதாகப் பேசப்பட்டது. வேறு மந்தைகளில் பார்த்தபோது அதே பலன் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. ஒரு மரபணுவை வைத்து மாட்டை எடைபோட முடியாது என்பதைத்தான் அது காட்டியது.

மரபுவழித் திறன் என்று ஒரு அளவு சொல்வார்கள். மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபிலிருந்து வருகிறது என்கிற கணக்கு. பால் அளவுக்கு அது 25, 30 சதவீதம் வரை வரும். கண்ணுக்குத் தெரியும் மடிநோய்க்கு 2 முதல் 5 சதவீதம்தான். இதைப் பார்த்ததும் பலர் "அப்ப மரபால் பிரயோஜனமில்லை" என்று முடித்துவிடுகிறார்கள், அது தவறு. ஒரு மாட்டை மட்டும் பார்த்தால் அதன் மரபைச் சரியாகக் கணிக்க முடியாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஒரு காளைக்கு இருநூறு, முந்நூறு மகள்கள், வெவ்வேறு பண்ணையில், வெவ்வேறு கையில் கறக்கிறார்கள் என்று வையுங்கள். அத்தனை மகள்களின் நோய்க்குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால் பண்ணை, தரை, கை எல்லாம் ஒன்றையொன்று சமன்செய்துவிடும், காளை கொடுத்தது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இதைச் செய்து காட்டிய நாடு நார்வே. அங்கே 1975-லிருந்தே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சுகாதார அட்டை. ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடை மருத்துவர்தான் கொடுக்க முடியும், கொடுத்தால் அட்டையில் எழுத வேண்டும், அந்த எழுத்து தேசியப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரும். 1978 முதல் காளை தேர்வில் மடிநோயையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உலகம் முழுக்க லிட்டரை மட்டும் துரத்திய காலம் அது. நார்வே சிவப்பு மாடு இன்று மடி ஆரோக்கியத்துக்குப் பேர் வாங்கியிருக்கிறதென்றால், எந்த மாட்டுக்கு எப்போது என்ன நோய் வந்தது என்று ஐம்பது வருஷமாக எழுதி வைத்ததுதான் காரணம். விதை அந்த அட்டையில் இருக்கிறது. மாட்டின் மரபணு எழுத்துகளைப் படிக்கும் டிஎன்ஏ சிப் எல்லாம் பிறகு வந்தது, அந்தச் சிப்புக்கே பாடம் சொல்லிக்கொடுக்க அட்டைதான் வேண்டியிருந்தது.

பாலும் நோயும் ஏன் இப்படிப் பின்னிக்கொண்டிருக்கின்றன? பால் அதிகம் தரும் வம்சங்களில் மடிநோய் கொஞ்சம் கூடுதல் என்பது பல நாடுகளின் கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. கன்று போட்ட முதல் சில வாரங்களில் பால் ஏறும் வேகத்துக்குத் தீவனம் ஈடுகொடுக்காது, உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும், அந்த நேரத்தில் வெள்ளையணுக்களும் சோர்ந்திருக்கும். செவலைக்கு எப்போதும் கன்று போட்ட பதினைந்து நாளுக்குள் வந்தது தற்செயல் இல்லை. மரபணுவிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. மாட்டின் 6-ஆம் குரோமோசோமில் வைட்டமின் டியைச் சுமக்கும் புரதத்துக்கான ஜிசி என்ற மரபணு இருக்கிறது. அதைக் கூட்டிக் குறைக்கும் பகுதி சில ஹோல்ஸ்டீன் மாடுகளில் 12,000 எழுத்து நீளத்துக்கு மறுபடி மறுபடி நகலாகிக் கிடக்கிறது என்று 2021-இல் காட்டினார்கள். அந்த நகல்கள் மடிநோய்க்கு இடம் கொடுக்கின்றன. அதே இடம் அதிகப் பாலோடும் சேர்ந்தே வருகிறது. லிட்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர் தெரியாமலே அந்த நகலையும் மந்தைக்குள் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் போனி மல்லார்ட் வேறு வழியில் போனார். நோய் வரும்வரை காத்திருக்காமல், மாட்டுக்குக் கெடுதி செய்யாத ஒரு பொருளை ஊசியாகப் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு உருவாகிறது, தோலில் எவ்வளவு தடிப்பு வருகிறது என்று ரெண்டையும் அளந்தார். முதலாவது செல்லுக்கு வெளியே திரியும் கிருமிக்கான எதிர்ப்பைக் காட்டும், இரண்டாவது செல்லுக்குள்ளேயே ஒளியும் கிருமிக்கானதைக் காட்டும். ரெண்டிலும் நன்றாக வரும் மாடுகளுக்கு மடிநோய் உட்படப் பல நோய்கள் குறைவாக வந்தன. இந்தத் திறனில் கால்பங்கு அளவுக்கு மரபில் வருகிறது, அதாவது மடிநோயை நேரடியாகக் கணக்கிடுவதைவிடப் பல மடங்கு தெளிவான சைகை. எனக்கு இதில் பிடித்தது அந்த 'ரெண்டும்' என்ற வார்த்தை. ஒரு பக்க எதிர்ப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மறுபக்கக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

செல்லுக்குள் ஒளியும் கிருமி என்றால் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். பிரிட்டனில் மாட்டுக் காசநோய் பெரிய தலைவலி, ஊசி போட்டுச் சோதித்து, பிடிபட்ட மாட்டை வெட்டிவிடுவார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோல்ஸ்டீன் மாடுகளின் பதிவுகளை வைத்து 2016-இல் காளைகளுக்கு ஒரு காசநோய் எதிர்ப்புக் குறியீடு வெளியிட்டார்கள். இதன் மரபுவழித் திறன் ஏறத்தாழ 9 சதவீதம். நமக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்: இந்தியாவில் சுமார் 7.3 சதவீத மாடுகளுக்கு, அதாவது இரண்டு கோடிக்கும் மேல், காசநோய்த் தொற்று இருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. பிடிபட்டதை எல்லாம் வெட்டுவது இங்கே நடக்காது. அப்படியானால் தாங்கும் மாட்டை உருவாக்குவது இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

"நாட்டு மாட்டுக்கு நோயே வராது" என்று அடிக்கடி கேட்கிறோம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். மத்திய எத்தியோப்பியாவில் ஒரே மாதிரி மேய்ச்சலில் இருந்த மாடுகளில், ஹோல்ஸ்டீனில் 22 சதவீதத்துக்குக் காசநோய்ச் சோதனை உறுதியானது, திமில் உள்ள உள்ளூர் மாடுகளில் 12 சதவீத அளவுதான். உறுப்புகளில் நோய்ப்புண்ணும் உள்ளூர் மாட்டில் லேசாக இருந்தது. ஒரே பராமரிப்பில் பார்த்ததால் இந்த ஒப்பீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் நாளுக்கு ரெண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயத்தையும் பதினைந்து லிட்டர் கறக்கும் எச்.எஃப் கலப்பையும் பக்கத்தில் நிறுத்தி, மடிநோய் வராததெல்லாம் நாட்டு ரத்தத்தின் மகிமை என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. குறைவாகக் கறக்கும் மடிக்குச் சுமையும் குறைவு. நாட்டு மாட்டில் நிச்சயமாக இருப்பது வகைவகையான மரபு. கிருமியின் துண்டை எதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக்காட்டும் டிஆர்பி3 என்ற மரபணு 23-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, உலக மாடுகளில் அதற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஒரு மாட்டுக்கு இரண்டுதான் கிடைக்கும். ஒரு மந்தையில் எத்தனை வடிவங்கள் உலவுகின்றன என்பதன் அருமை புதுக் கிருமி வரும்போதுதான் தெரியவரும். அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் காளைகளோ, ஆண்வழியில் பார்த்தால், ஏறத்தாழ எல்லாமே 1960-களில் பிறந்த இரண்டே இரண்டு காளைகளில் போய் முடிகின்றன. புலிக்குளமும் உம்பளச்சேரியும் பர்கூரும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

நம் மாடுகளின் காதிலும் இப்போது 12 இலக்க மஞ்சள் வில்லை தொங்குகிறது. சினை ஊசி போட்டது, தடுப்பூசி போட்டது எல்லாம் அந்த எண்ணில் ஏற்றப்படுகின்றன. பால் சொசைட்டியில் தினமும் ரெண்டு வேளை லிட்டரும் கொழுப்பும் எழுதுகிறார்கள். மடிநோய் வந்தது, எந்தக் காம்பு, எத்தனையாவது ஈற்று, எத்தனை நாள் மருந்து என்று எழுதும் பழக்கம் மட்டும் பெரும்பாலான கொட்டகைகளில் இல்லை. மருத்துவர் வந்தால் அந்த எண்ணில் இதையும் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். சினை ஊசி போட்டதும் உறைவிந்துக் குச்சியை வாங்கிப் பாருங்கள், அதில் காளையின் எண் அச்சடித்திருக்கும். அதை எழுதிக்கொண்டால் அதே காளையை அதன் மகளுக்கே போட்டுவிடாமல் தப்பிக்கலாம், நாளைக்கு அந்தக் காளையின் மகள்களை ஊர் முழுக்க ஒப்பிட்டும் பார்க்கலாம்.

செவலையை அத்தை போன வருஷம் விற்றுவிட்டார், ஒரு காம்பு முழுசாக வற்றிப்போயிருந்தது. அதன் கிடேரி மட்டும் கொட்டகையில் நிற்கிறது, இப்போது முதல் சினை, தை பிறந்தால் கன்று போடும். அது அம்மா மாதிரி வருமா, இல்லை அப்பன் வழியில் தப்பிக்குமா என்று அத்தை என்னிடம் கேட்டார். அப்பன் எந்தக் காளை என்று நான் கேட்டேன். ஊசி போட்ட அன்றைக்கே குச்சியைக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டார்களாம்.